ராணியின் செருப்புப் பணம்

போர்ச்சுக்கல் நாட்டு ராணிக்குச் செருப்பு வாங்க வேண்டும். அதற்காகத் தூத்துக்குடிக் கடலில் மனிதர்கள் மூச்சை அடக்கிக் கொண்டு குதிக்க வேண்டும்!

கதை போல இருக்கிறதா? கதை அல்ல. 400 ஆண்டுகளுக்கும் மேலாகிறது, உண்மையாகவே நடந்தது.

அந்தக் காலத்தில் முத்துக் கடல் யாருக்குச் சொந்தம் என்று பெரிய தகராறு. பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்ச்சுக்கீசியரிடம் துணை கேட்டார்கள். துணை கிடைத்தது. 1536, 1537 ஆண்டுகளில் கடற்கரை ஊர்கள் பலவும் ஊரோடு ஞானஸ்நானம் பெற்றன. கூடவே கப்பமும் வந்து சேர்ந்தது. போர்ச்சுக்கல் ராஜாவுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதிக்குத்தான் "ராணியின் செருப்புப் பணம்" என்று பெயர். அரண்மனையில் இருக்கும் கத்தரீனா ராணியின் காலணிச் செலவுக்கு இது போய்ச் சேரும்.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வள்ளத்திலிருந்து கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் கனமான கல். குளிப்பவர் கல்லின் மேல் கால் வைத்து, ஐந்து பாகம், பத்து பாகம் ஆழத்துக்கு இறங்குவார். கிடைத்த நேரம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் பையில் அள்ள வேண்டும். கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். அவர் கவனம் சிதறினால் கீழே இருப்பவர் கதி அவ்வளவுதான். சுறா பயம் வேறு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிற "கடற்கட்டி" என்று ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

1542ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஊர் ஊராக நடந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் ஒரு ஜெபம்கூடச் சொல்லத் தெரியாது. சொல்லித் தர ஆள் இல்லை. சவேரியார் ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து நியமித்தார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக் கொடுப்பதும், கோவிலைப் பார்த்துக் கொள்வதும் அவர்கள் வேலை. வேலை என்றால் சம்பளம் வேண்டாமா?

சவேரியாரின் கண் செருப்புப் பணத்தின் மேல் விழுந்தது. கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்காக ஆண்டுக்கு 4 ஆயிரம் பொற்பணம் வாங்கிக் கொண்டார். ராணிக்கும் எழுதினார். ஜெபம் படிக்கும் இந்தக் கடற்கரைப் பிள்ளைகளே ராணி மோட்சத்துக்கு ஏறிப் போகத் தகுந்த செருப்பு என்பது அந்தக் கடிதத்தின் கருத்து. சாமர்த்தியமான கடிதம்! ராணியும் சம்மதித்தார்.

வரலாற்றுப் புத்தகங்கள் இதை ராணியின் தர்மம் என்று எழுதுகின்றன. தர்மம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 4 ஆயிரம் பணம் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி வந்தது அல்ல. இந்தக் கடலில் குளித்து எடுத்தது. அது கடற்கரையை விட்டுப் போகாமல் நின்றது, அவ்வளவே. தன் கோவிலுக்குத் தானே செலவு செய்யும் வழக்கம் முத்துக்குளித்துறையில் முதல் நாளிலேயே தொடங்கி விட்டது. கொடுத்தவர் பெயர் மட்டும் வேறாக இருந்தது.

போதும் என்று சொன்னவர்

கோவிலுக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? யார் கேட்க வேண்டும்? யார் எண்ண வேண்டும்? இந்தக் கேள்விகள் இன்று நேற்று வந்தவை அல்ல. பைபிளில் இதற்கென்றே சில சம்பவங்கள் உண்டு. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகிறவர்களில்கூடப் பலருக்கு நினைவில் இராத சம்பவங்கள்.

மோசே வனாந்தரத்தில் ஆண்டவருக்கு ஒரு கூடாரம் அமைக்க முனைந்தார். வரி போடவில்லை. மனம் உள்ளவர்கள் கொண்டு வரலாம் என்று மட்டும் சொன்னார். பொன் வைத்திருந்தவர் பொன் கொண்டு வந்தார். மரம் வைத்திருந்தவர் மரம். ஒன்றும் இல்லாத பெண்கள் ஆட்டு மயிரை நூலாகத் திரித்துக் கொண்டு வந்தார்கள். காலைதோறும் வந்து குவிந்தது. வேலைக்காரர்களே மோசேயிடம் ஓடினார்கள். தேவைக்கு மேல் வந்து விட்டது என்றார்கள். மோசே பாளையம் எங்கும் ஆள் அனுப்பி, இனி யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம் என்று அறிவித்து விட்டார். வசூல் புத்தகத்தைத் தானாக மூடி வைத்த கட்டிடக் கமிட்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

அது கட்டுகிற கதை. கட்டியதைக் காப்பாற்றுகிற கதை வேறு. அதில் யோவாஸ் என்ற ராஜா வருகிறார்.

யோவாஸ் ஏழு வயதில் பட்டத்துக்கு வந்தவர். எருசலேம் தேவாலயம் அப்போது பழுதாகிக் கிடந்தது. மக்கள் கொண்டு வரும் பணத்தை வாங்கிப் பழுது பார்க்கும்படி அவர் ஆசாரியர்களுக்குக் கட்டளை இட்டார். ஆசாரியர்கள் பணம் வாங்கினார்கள். ராஜா பட்டத்துக்கு வந்து 23 ஆண்டுகள் ஆயின. ஒரு வெடிப்புகூட அடைபடவில்லை!

ஆசாரியர்கள் திருடினார்கள் என்று பைபிள் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை என்றுதான் சொல்கிறது. இதைக் கவனிக்க வேண்டும். கோவில் பணம் கெடுவதற்குத் திருடன் வேண்டியதில்லை. ஒரே கை வாங்கி, அதே கை வைத்து, அதே கை செலவழித்து, யாரும் ஏன் என்று கேட்காமல் இருந்தால் போதும்.

ராஜா கோபித்துக் கத்தவில்லை. ஏற்பாட்டை மாற்றினார். இனி ஆசாரியர்கள் நேரில் பணம் வாங்கக் கூடாது. யோய்தா என்ற பிரதான ஆசாரியர் ஒரு பெட்டி எடுத்தார். அதன் மூடியில் ஒரு துவாரம் போட்டார். பலிபீடத்தின் பக்கத்தில், உள்ளே வருகிறவர்களின் கண்ணில் படும்படி வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் கணக்கர் ஒருவரும் பிரதான ஆசாரியரும் வருவார்கள். இருவரும் சேர்ந்துதான் எண்ண வேண்டும். எண்ணிப் பையில் கட்டி, வேலையை மேற்பார்க்கிறவர்கள் கையில் கொடுத்து விடுவார்கள். அவர்கள் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கல் உடைப்பவருக்கும் கூலி கொடுத்தார்கள். மரமும் கல்லும் வாங்கினார்கள்.

இன்று எந்த ஊர்க் கோவில் உண்டியலைப் பார்த்தாலும் மூடியில் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் பொருள் இதுதான். போட்டவருக்கு எடுக்க முடியாது. எடுப்பவர் தனியாக எடுக்க முடியாது.

இன்னும் ஒரு விஷயம். அந்தப் பணத்தில் முதலில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யவில்லை. கட்டிடம் சீரான பிறகு மிஞ்சிய பணத்தில்தான் பாத்திரங்கள் செய்தார்கள். முதலில் கூரை, பிறகு அலங்காரம்! ஆசாரியர்களின் ஜீவனத்துக்கு உரிய பணத்திலும் கை வைக்கவில்லை. அது தனிக் கணக்காக அவர்களுக்கே போயிற்று.

தங்கத் தேர்

இனித் தூத்துக்குடிக்கு வருவோம். பனிமய மாதா கோவிலைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. மாதாவின் சொரூபம் 1555ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது. 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் கோவில்களைப் பறித்தார்கள், பாதிரியார்களை விரட்டினார்கள். முத்துக் கடலும் அவர்கள் கைக்குப் போயிற்று. கடலில் இறங்க அவர்கள் அனுமதி வேண்டும். சோறு போடும் கை அவர்களுடையது. ஆனாலும் பரதவர்கள் மாதாவை விடவில்லை. பாதிரியார் இல்லாத காலத்தில் விளக்கு ஏற்றியதும் ஜெபம் சொன்னதும் ஊர் மக்கள்தான். இப்போது உள்ள கோவில் 1713ல் விஜிலியுஸ் மான்சி என்ற சேசு சபைப் பாதிரியார் காலத்தில் எழுந்தது. டச்சுக்காரர்களும் 1750ல் தங்களுக்கென்று ஒரு கோவில் கட்டினார்கள். கம்பெனி போய் விட்டது. அந்தக் கோவிலும் நிற்கிறது. அதை இன்று காப்பாற்றுகிறவர்கள் இவ்வூர் கிறிஸ்தவர்கள்.

பனிமய மாதாவுக்கு 1806ல் தங்கத் தேர் வந்தது. செய்து வைத்தவர் அப்போதைய ஜாதித் தலைவர் தொன் கபிரியேல். பக்கத்துத் திருச்செந்தூரில் தேர் ஓடுகிறது. எங்கள் மாதாவுக்கும் ஓட வேண்டும் என்ற ஆசை கடற்கரை மக்களுக்கு இருந்திருக்கலாம். அதில் தவறு காண ஒன்றும் இல்லை. இந்தத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. விசேஷ ஆண்டுகளில் மட்டும் ஓடும். 2023ல் ஓடியது 16வது ஓட்டம். 217 ஆண்டுகளில் 16 முறை!

தேருக்குப் பொன் பூச வேண்டும் என்றால் ஊர் கொட்டிக் கொடுக்கிறது. வளையலைக் கழற்றிக் கொடுக்கும் பெண்கள் உண்டு. கோபுரத்தின் விரிசலை அடைக்க வேண்டும் என்றால் அதே கை கொஞ்சம் யோசிக்கிறது. இது தூத்துக்குடிக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. எல்லா ஊரிலும், எல்லா மதத்திலும் இதே கதைதான். யோவாஸ் ராஜா "முதலில் கூரை" என்று வைத்தது இதைத் தெரிந்துதான் போலும்.

மீனில் ஒரு பங்கு

முத்து ஆண்டுதோறும் கிடைக்கிற பொருள் அல்ல. சிப்பி விளைந்தால்தான் குளிப்பு. 1926 முதல் 1928 வரை நடந்தது. பிறகு 1955ல்தான் மீண்டும் தொடங்கியது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் சர்க்கார் முத்துக் குளிப்பு நடக்கவே இல்லை. குளித்த காலத்திலும் பெரும் பங்கு சர்க்காருக்குப் போயிற்று. மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு. ஆகவே முத்தை நம்பிக் கோவில் நடத்த முடியாது. கடற்கரைக் கோவில்களை நடத்தியது மீன்.

கடற்கரை ஊர்களில் பிடித்த மீன் கரையிலேயே ஏலம் போகும். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. இந்தப் பங்குகளோடு கோவிலுக்கும் ஒன்று ஒதுக்குவது பழைய வழக்கம். சில ஊர்களில் சுறா பிடித்தால் அதன் துவி, அதாவது துடுப்பு, கோவிலுக்கு என்று இருந்தது.

எண்ணிப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடு. பைபிளில் இருவகை உண்டு. மோசே காலத்தில் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி என்று ஒரு கணக்கு இருந்தது. பணக்காரன் அதிகம் கொடுக்கக் கூடாது. ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது. பவுல் அப்போஸ்தலர் சொன்னது வேறு. வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும் என்றார். மீன் பங்கு இந்த இரண்டாவது வகை. மீன் பட்ட நாளில் கோவிலுக்கும் உண்டு. வலை வெறுமனே வந்த நாளில் யாரும் வந்து கை நீட்டுவதில்லை. கடல் கொடுத்தால் கோவிலுக்கு. கடல் கொடுக்காவிட்டால் கோவிலும் பட்டினி!

இந்தப் பணத்தில் கோவில் மட்டும் நடக்கவில்லை. ஊரில் திருவிழா நடந்தது. பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கும் இதுவே ஆதாரம்.

பிறகு எங்கே கெட்டது? குத்தகையில் கெட்டது.

நாள்தோறும் கரையில் நின்று பங்கு பிரிக்கப் பாதிரியாருக்கு நேரம் இல்லை. ஆகவே வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் கோவிலுக்கு ஒரு தொகையைக் கட்டி விடுவார். கட்டியதற்கு மேல் வசூலாவது எல்லாம் அவருக்கு லாபம். லாபம் என்று வந்த பிறகு இரக்கம் எங்கே இருக்கும்? மனம் விரும்பிக் கொடுத்தது போய், கரையில் நின்று பிடுங்குவது வந்தது. கோவிலுக்குப் போனது எவ்வளவு, குத்தகைக்காரர் மடியில் போனது எவ்வளவு என்று மீன் பிடித்தவருக்குத் தெரியாது.

சுறாத் துவிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி வந்தது. சீனர்கள் அதில் சூப்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் அற்பமாக இருந்த துவி பெரிய பணம் ஆயிற்று. உயிரைக் கொடுத்துச் சுறாவைப் பிடித்தவர், அதன் விலை உயர்ந்த உறுப்பைக் குத்தகைக்காரரிடம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோவில் வழக்கத்தை மாற்ற நீ யார் என்று எதிர்க்கேள்வி வந்தது. திருநெல்வேலிக் கடற்கரையில் இதனால் ஊர்கள் இரண்டுபட்டன. ஒரே தெருவில் கொள்வினை கொடுப்பினை நின்றது. சிலர் கோவிலையே விட்டு விலகிப் போனார்கள். கோவிலைக் காப்பதற்காக வாங்கிய பணம் கோவிலுக்கு வரும் மக்களையே பிரித்து விட்டது.

குத்தகையை ஆதரித்தவர்களையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பணம் நின்றால் கூரையை யார் மாற்றுவது, ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று அவர்கள் பயந்தார்கள். ஆனால் கொடுப்பவர் முகம் கோணாமல், கட்டாயம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஏலத்தில் போன காணிக்கைக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதை எல்லோருக்கும் தெரியும். பணக்காரர்கள் போட்டதைவிட அவள் போட்டதே அதிகம் என்று இயேசுநாதர் சொன்னார். வசூல் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லாத பிரசங்கியார் இல்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அதற்குச் சற்று முன்னால் இருப்பதைத்தான் பலர் சொல்வதில்லை. நீண்ட ஜெபம் செய்து கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்து முடித்துத்தான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புயலில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கும் கடற்கரையில் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பானையில் ஒரு பிடி

கடலை விட்டு மேற்கே போனால் செம்மண் தேரி. தேரியைத் தாண்டினால் பனங்காடு. அங்கே மெஞ்ஞானபுரம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கோவில் கோபுரத்தின் உயரம் 192 அடி. சுற்றிலும் பனை மரம். நடுவே ஊசி போல இந்தக் கோபுரம்.

கட்டியவர் ஜான் தாமஸ் ஐயர். வேல்ஸ் நாட்டுக்காரர். 1838ல் இந்த ஊருக்கு வந்தார். 1870ல் இங்கேயே இறந்து இங்கேயே அடக்கமானார். 1840களில் தொடங்கிய வேலை 1868ல்தான் கோபுரத்தோடு முடிந்தது. தெற்கே இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய கோவிலும் இப்படித்தான். 33 ஆண்டுகள் நடந்து 1880ல் திறப்பு விழா கண்டது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுநாதர் ஓர் உவமை சொல்லியிருக்கிறார். இந்த ஐயர்மார் அவசரப்படவில்லை.

இந்தக் கோவில்களைக் கட்டும்போது சீமைப் பணமும் வந்தது. கட்டியதைக் காப்பாற்ற எந்தச் சீமையிலிருந்தும் எப்போதும் பணம் வந்து கொண்டிருக்காது. பனையேறிகளின் வீட்டில் காசு ஏது? கருப்பட்டி உண்டு. கோழி உண்டு. அரிசி இருந்தால் ஒரு பிடி உண்டு.

அந்த ஒரு பிடிதான் பெரிய விஷயம் ஆயிற்று. வீட்டுக்காரி உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். முதலில் காய்த்த முருங்கை, முதல் வாழைத்தார், முதல் முட்டை எல்லாம் கோவிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். பத்து ரூபாய் வாழைத்தாரை ஐம்பது ரூபாய்க்குக் கேட்பார் ஒருவர். ஏமாந்து போய் அல்ல, தெரிந்தேதான் கேட்கிறார்! இதுவும் ஏலம்தான். ஆனால் குத்தகை ஏலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அங்கே லாபம் ஏலம் எடுத்தவருக்கு. இங்கே நஷ்டம் ஏலம் எடுத்தவருக்கு.

பிடியரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி வாங்கித்தான் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. தமிழ்நாட்டுப் பெண்களின் கைப்பிடியில் எத்தனை கட்டிடங்கள் எழுந்தன என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை. 1874ல் அங்கே ஒரு போதகரின் வீட்டில் பிறந்தவர் அசரியா. பனங்காட்டுக் காணிக்கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதில் முன்னின்றவர் அவர். இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பதே சங்கத்தின் கொள்கை. வெள்ளைக்காரர் ராஜ்யத்தில், வெள்ளைக்காரர் சபையில் இருந்து கொண்டு இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். 1912ல் அவர் தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுவே முதல் முறை.

தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்கள் பரம ஏழைகள். கூலி வேலை செய்து அன்றாடம் கஞ்சி குடிப்பவர்கள். இவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று பலருக்கும் தயக்கம். அசரியா கேட்டார். ஊரில் தாய்மார் செய்த அதே காரியத்தை அங்கே சொல்லிக் கொடுத்தார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி, மண் பானையில். ஏழை என்பதற்காக ஒருவரை எப்போதும் வாங்குகிறவராகவே வைத்திருந்தால் அவர் நிமிரவே மாட்டார் என்பது அவர் எண்ணம். கிறிஸ்தவர்கள் கொடுக்க வேண்டிய முறை பற்றி ஒரு நூலே எழுதினார். தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பெரிய கோவில் 1939ல் திறக்கப்பட்டது. அதில் இந்துக் கோவிலின் தூணும் மசூதியின் கும்மட்டமும் சேர்ந்தே இருக்கின்றன.

இரண்டு பேர் எண்ணட்டும்

பிடியரிசியிலும் தகராறு வரும். பானை யாருடையது, விற்றது யார், என்ன விலைக்கு விற்றது என்ற கேள்விகள் உண்டு. நல்லவர் கையில் பணம் இருந்தால் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். யோவாஸ் காலத்து மேற்பார்வையாளர்கள் நாணயமாக நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று பைபிளிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகுமுன் இரண்டு பேர் எண்ணிக் கட்டிய பணம் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது.

பவுலைவிட நல்லவர் யார்? எருசலேமில் பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்காக அவர் பல ஊர்களில் பணம் திரட்டினார். அந்தப் பணத்தை வாங்கி வரத் தீத்துவை அனுப்பினார். தனியாக அனுப்பவில்லை. சபைகள் தாங்களே தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரையும், இன்னொருவரையும் கூட அனுப்பினார். ஆண்டவருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனிதருக்கு முன்பாகவும் யாரும் குறை சொல்லாதபடி இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். கடவுளுக்குத் தெரியும் என்று அவர் விட்டு விடவில்லை!

கத்தோலிக்கத் திருச்சபை 1983ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இதற்கு விதி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு ஒன்று இருக்க வேண்டும். மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி உண்டு. சங்கக் காணிக்கை கட்டியவர்களே ஓட்டுப் போடலாம். விதி எழுத்தில் இருக்கிறது. அது சுவரில் ஒட்டும் வரவு செலவுக் கணக்காக வருகிறதா, யாராவது நின்று படிக்கிறார்களா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். படிக்கத் தெரிந்தவர்கள் பெருகிய பிறகு கணக்கு எழுதும் கை கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எழுதுகிறது.

உப்புக் காற்று

கடற்கரையில் கோவில் கட்டுவது எளிது, வைத்திருப்பது கஷ்டம். உப்புக் காற்று சுண்ணாம்பைத் தின்கிறது. பழைய கோவில்கள் தடித்த சுவரோடு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அவை தாங்குகின்றன. புதிதாகக் கான்கிரீட்டில் கட்டியவற்றுக்குள் கம்பி துருப்பிடித்து உப்புகிறது. உப்பினால் வெடிப்பு, வெடிப்பு வழியே மீண்டும் உப்புக் காற்று. ஜன்னல் கீலைக்கூட அடிக்கடி மாற்ற வேண்டும்.

புதுக் கட்டிடத்துக்கு நன்கொடை கொடுத்தால் கல்லில் பெயர் வெட்டுவார்கள். கீல் மாற்றியவர் பெயரை எங்கே வெட்டுவது? கோவில்பிள்ளையின் மாதச் சம்பளம், கரண்டு பில், மெழுகுவர்த்தி, துடைப்பம் இதற்கெல்லாம் கல்வெட்டு கிடையாது. நெகேமியா என்பவர் எருசலேம் மதிலைப் புதுப்பித்தபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். தேவாலயச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு சேக்கல் என்று மக்களே ஒப்புக் கொண்டார்கள். பலிபீடத்துக்கு விறகு வேண்டுமே! எந்தக் குடும்பம் எப்போது விறகு கொண்டு வருவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொண்டார்கள். விறகு சாதாரணப் பொருள். ஆனால் அது இல்லாவிட்டால் பீடத்தில் நெருப்பு இல்லை.

கடற்கரைத் திருவிழாக்களில் இந்த முறை இன்றும் உண்டு. முதல் நாள் செலவு ஒரு தெருவுக்கு, இரண்டாம் நாள் ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு, மூன்றாம் நாள் வியாபாரிகளுக்கு என்று பிரித்துக் கொள்கிறார்கள். திருவிழாவுக்கு இருக்கும் இந்த முறை கூரை ஓட்டுக்கும் ஜன்னல் கீலுக்கும் வந்தால் பல கோவில்கள் பிழைத்துக் கொள்ளும்.

முத்துக் குளிப்பு நின்று 60 ஆண்டுகள் தாண்டி விட்டன. இப்போது பனிமய மாதா கோவில் உண்டியலில் விழும் காசு பலவகை. விசைப்படகுக்காரர் காசு உண்டு. நாட்டுப் படகுக்காரர் காசு உண்டு. உப்பளத்துக் கூலி, துறைமுகத்துக் கூலி, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது, வேண்டுதல் நிறைவேறிய இந்துத் தாய் ஒருத்தி முடிந்து வைத்திருந்து போட்டது எல்லாம் உள்ளே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

ஜூலை 26ல் கொடி ஏறும். ஆகஸ்ட் 5 திருநாள். ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிக்கும். அதற்குள் சாரம் கட்டி, உதிர்ந்த இடத்தில் சாந்து பூசி முடித்தாக வேண்டும். கொடி ஏறும் அன்று கொத்தனாரின் ஏணி கோவில் வாசலில் நிற்கக் கூடாது.